சனிப்பெயர்ச்சி மலரில் ஒரு கணக்குக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சனிப்பெயர்ச்சிக்கும் குருப்பெயர்ச்சிக்கும் தாங்கள் வெளியிடும் பலன் மலரைப் பற்றியது இந்தக் கடிதம். பலன்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. அதை நம்புவதும் விடுவதும் அவரவர் மனம். அந்த மலரில் தவறாமல் வருகிற ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ‘சனி பகவான் ஒரு ராசியில் இரண்டரை ஆண்டுகள் சஞ்சரிப்பார்.’ இந்த ஒரு வரி கையில் இருந்தால் போதும், சூரியனிலிருந்து சனி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பதினோராம் தரத்துப் பிள்ளை ஒருத்தி மடக்கை (லோகரிதம்) அட்டவணையை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவாள். அந்தக் கணக்குக்கு மலரில் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன்.

ஹப்புத்தளைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கம் லயத்தில் ஒரு வீட்டில் பத்திரிகை வாங்கினால் அந்த வரிசை முழுவதும் கை மாறும். விளையாட்டுப் பக்கம் பொடியன்களிடம் போகும், மரண அறிவித்தல் பக்கம் பெரியவர்களிடம் போகும். ஓரிரு நாளில் எல்லாப் பக்கமும் கொப்பிக்கு உறையாகிவிடும், அல்லது அடுப்படித் தட்டில் விரிக்கப்பட்டுவிடும். பெயர்ச்சி மலருக்கு மட்டும் அந்தக் கதி கிடையாது. சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். சிலர் சுவரிலேயே ஒட்டிவிடுவார்கள். அடுத்த பெயர்ச்சி வரும்வரை அது அங்கேயே இருக்கும். விஞ்ஞானப் பக்கத்தில் எவ்வளவு நல்ல கட்டுரை போட்டாலும் அது ஒரு வாரம் நின்றால் பெரிய விஷயம். சனிப்பெயர்ச்சி மலர் இரண்டரை வருடம் வீட்டுக்குள் நிற்கிறது. அந்தத் தாளில் ஒரு கணக்கு இருந்தால், அதன் முன்னால் உட்கார்ந்து பாடம் படிக்கிற பிள்ளையின் கண்ணில் அது தினமும் படும். அதனால்தான் விஞ்ஞானப் பக்கத்தை விட்டுவிட்டு இந்த மலரைக் கேட்கிறேன்.

இதற்குக் காரணமாக அமைந்தது தங்கள் பத்திரிகையில் அவ்வப்போது வரும் இன்னொரு வகைச் செய்தி. ஏதோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கோள் கண்டுபிடிக்கப்பட்டது, அங்கே ஒரு வருடம் என்பது 11 நாள்தான், தன் நட்சத்திரத்திலிருந்து அது 70 இலட்சம் கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது என்று போடுவீர்கள். வகுப்பில் அதை வாசித்துக் காட்டினால் உடனே ஒரு கை உயரும். "அங்க யாரு டீச்சர் டேப் புடிச்சு அளந்தது?" கேட்கிற பிள்ளை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நியாயமான கேள்வி அது. அந்தக் கோளை எந்தத் தொலைநோக்கியிலும் ஒரு புள்ளியாகக்கூடத் தனியே பார்த்ததில்லை என்று நான் சொன்னால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. பார்க்காத ஒன்றின் தூரம் எப்படித் தெரிந்தது? பதில் அதே செய்தியில், அந்த 11 நாளில் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்கும் அந்தத் தூரத்துக்கும் உள்ள உறவைச் செய்தி சொல்வதில்லை. இரண்டும் தனித்தனி அதிசயங்களாக அச்சாகின்றன. விஞ்ஞானிகள் என்றால் எதையும் சொல்லலாம், நாம் தலையாட்ட வேண்டியதுதான் என்ற எண்ணம் பிள்ளைகளின் மனதில் விழுந்துவிடுகிறது. எனக்கு அதுதான் வேதனை.

சரி, கணக்குக்கு வருகிறேன். சூரியனை ஒருமுறை சுற்ற ஒரு கோளுக்கு எத்தனை ஆண்டு ஆகிறதோ அந்த எண்ணை வர்க்கிக்க வேண்டும். வருகிற விடையின் கனமூலத்தை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோளின் சராசரித் தூரம் அதைப்போல் எத்தனை மடங்கு என்பதே கிடைக்கும் விடை. வானியலாளர் ஜொகான்னஸ் கெப்ளர் இதை 1618 மே 15 ஆம் தேதி உறுதி செய்துகொண்டு, அடுத்த ஆண்டு தம் நூலில் அச்சிட்டார்.

சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு என்றால் பன்னிரண்டு ராசிக்கும் 30 ஆண்டு. 30 இன் மடக்கை 1.4771. வர்க்கத்துக்காக இரண்டால் பெருக்கினால் 2.9542. கனமூலத்துக்காக மூன்றால் வகுத்தால் 0.9847. அட்டவணையில் திரும்பத் தேடினால் 9.65. அதாவது பூமி இருக்கும் தூரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பதரை மடங்குக்குச் சற்று மேலே. வானியலாளர்கள் சொல்லும் தூரம் 9.54 மடங்கு. ராசிக்கட்டத்தில் இருந்து எடுத்த ஒரு முழு எண்ணுக்கு இந்த விடை வருகிறது என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது வகுப்பு அமைதியாகிவிடும். 30 க்குப் பதில் இன்னும் துல்லியமான 29.46 ஆண்டை எடுத்தால் 9.54 அப்படியே வந்து நிற்கும்.

குருவுக்கு ராசிக்கு ஒரு வருடம், மொத்தம் 12. அதன் வர்க்கம் 144, கனமூலம் 5.24. உண்மையான சுற்றுக்காலம் 11.86 ஆண்டு, அதற்கு 5.20. இதைப் பிள்ளைகள் அட்டவணை இல்லாமலே சரிபார்த்துக்கொள்ளலாம். 5.2 ஐ மூன்று முறை பெருக்கினால் 140.6, 11.86 ஐ இரண்டு முறை பெருக்கினாலும் 140.7 க்குப் பக்கத்தில்தான் வரும்.

இந்தக் கணக்கை முதன்முதலாக வகுப்பில் செய்தபோது ஒரு பிள்ளை சொன்னதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். "எங்க அப்பாயிக்கு மங்கு சனி, பொங்கு சனி ரெண்டும் முடிஞ்சு இப்ப மூணாவது சுத்து நடக்குது டீச்சர். அப்ப அப்பாயி வயசுலயே கணக்கு இருக்கே." இருக்கிறதுதான். ஏழரைச் சனி ஒருவருக்கு முதலில் வரும்போது மங்கு சனி, முப்பது வருடம் கழித்து வரும்போது பொங்கு சனி, அதற்கும் முப்பது வருடம் கழித்து வருவது மூன்றாவது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எண்ணி வைத்திருப்பது ஒரு கோளின் சுற்றுக்காலத்தைத்தான். முப்பது வருடம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருடம் தாழ்ந்தவனும் இல்லை என்ற பழமொழியில் இருப்பதும் அதே முப்பது. காலமெல்லாம் கொழுந்து பறித்து, கையெழுத்துப் போட மட்டும் பழகிய ஓர் அப்பாயிக்கு இந்த எண் தெரியும். அந்த எண்ணின் மேல் இரண்டு படி ஏறினால் தூரம். அந்த இரண்டு படியைத்தான் நாம் அச்சில் போடாமல் விட்டிருக்கிறோம்.

பூமியிலிருந்து பார்த்து எழுதிய ராசிக் கணக்கு, சூரியனைச் சுற்றும் கணக்குக்கு எப்படிப் பொருந்தும் என்று தங்கள் வாசகர்களில் விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். சனி நேராகப் போகாமல் இடையிடையே வக்கிரமாகிப் பின்னால் வந்து மறுபடி முன்னால் போவது, நாம் நிற்கிற பூமியும் ஓடிக்கொண்டிருப்பதால் தெரிகிற தோற்றம். ஆனால் பன்னிரண்டு ராசியையும் முழுதாகச் சுற்றி முடிப்பதற்குள் இந்த முன்பின் எல்லாம் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கிறது. அதுவும் நம் பஞ்சாங்கம் ராசிகளை நட்சத்திரங்களை ஒட்டியே எண்ணுவதால், கெப்ளரின் விதி கேட்கிற சுற்றுக்காலமும் நம் கையில் இருக்கிற சுற்றுக்காலமும் ஒன்றாகவே அமைகின்றன.

செவ்வாயிடம் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. ராசிக்கு ஒன்றரை மாதம் என்ற வாய்ப்பாட்டை எடுத்தால் மொத்தம் 540 நாள், தூரம் 1.3 மடங்கு என்று வரும். உண்மை 1.52. பிழை கணக்கில் இல்லை, எடுத்த எண்ணில் இருக்கிறது. வக்கிரமாகும் காலத்தில் செவ்வாய் ஒரே ராசியில் மாதக்கணக்காக நின்றுவிடும். ஒன்றரை மாதம் என்பது அதைச் சேர்க்காத எண். பழைய பஞ்சாங்கங்களை எடுத்து, செவ்வாய் மேஷத்தில் நுழைந்த தேதிகளைப் பல சுற்றுகளுக்குக் குறித்துக்கொண்டு சராசரி பார்த்தால் ஒரு சுற்றுக்கு 687 நாள் கிடைக்கும். அதை 365.25 ஆல் வகுத்து 1.881 ஆண்டு. இப்போது விதியைப் போடுங்கள், 1.524 வரும். தரவை எடுக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சுக்கிரனுக்கும் புதனுக்கும் ராசிக் கணக்கு உதவாது. இரண்டும் சூரியனை விட்டு அதிகம் விலகாமல் அதோடு கூடவே போவதால், வருடத்துக்கு ஒரு சுற்று என்றே தெரியும். அந்த 1 ஐ விதியில் போட்டால் 1 தான் வரும். அது பூமியின் தூரம். இவை நமக்கு உள்ளே இருக்கிற கோள்கள். வெள்ளிக்கு வேறு வழி பிடிக்க வேண்டும். விடிவெள்ளியாகக் கிழக்கில் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, மறைந்து, மாலையில் மேற்கே வந்து, மறுபடி விடிவெள்ளியாக வெளிவரும்வரை ஏறத்தாழ 584 நாள். அதற்குள் பூமி சூரியனை 1.6 முறை சுற்றியிருக்கும். வெள்ளி நம்மை முழுதாக ஒரு சுற்று முந்தியிருக்கும், அதாவது 2.6 சுற்று. 584 ஐ 2.6 ஆல் வகுத்தால் 224.6 நாள், ஆண்டில் சொன்னால் 0.615. விதியைப் போட்டால் 0.72. பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போக விடியமுன் எழும்புகிற தாய்மார் யாரைக் கேட்டாலும் விடிவெள்ளி எந்த மாதம் தெரிந்தது, எந்த மாதம் மறைந்தது என்று சொல்வார்கள். தரவு நம் வாசலிலேயே இருக்கிறது.

ராகுவுக்கும் கேதுவுக்கும் தூரம் என்ன என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்டுவிடுவார்கள். ராசிக்கு ஒன்றரை வருடம், மொத்தம் 18 ஆண்டு, கணக்குப் போட்டால் ஏதோ ஓர் எண்ணும் வரும். ஆனால் அந்த இடத்தில் சூரியனைச் சுற்றுகிற பொருள் எதுவும் இல்லை. சந்திரனின் பாதையும் வானில் சூரியன் போகிற பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் அவை. புள்ளிக்கு ஈர்ப்பு இல்லை, ஆகவே விதியும் இல்லை. ஒரு சூத்திரத்தில் எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு விடை வரும். அந்த விடைக்குப் பொருள் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இதைப் புரிய வைக்க எனக்கு ராகுவும் கேதுவும் பேருதவி.

ஏன் வர்க்கம், ஏன் கனம் என்று கேட்கிற பிள்ளைக்கும் பதில் சொல்லலாம். சனியின் பாதை நம் பாதையைப்போல் 9.54 மடங்கு நீளம். அதுவும் பூமியின் வேகத்திலேயே ஓடினால் ஒன்பதரை வருடத்தில் சுற்றி முடித்திருக்கும். ஆனால் முப்பது வருடம் எடுக்கிறது. அப்படியானால் அது நம்மைவிட மெதுவாகவும் போகிறது, மூன்று மடங்குக்குச் சற்று மேல் மெதுவாக. பூமி செக்கனுக்கு 30 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது, சனி 10 க்கும் சற்றுக் குறைவு. தூரம் கூடக் கூடச் சூரியனின் இழுப்புக் குறைகிறது. இழுப்புக் குறைந்த இடத்தில் வேகமாக ஓடினால் பாதையை விட்டு வெளியே போய்விடும், மெதுவாக ஓடினால்தான் சுற்றில் நிற்கலாம். நீண்ட பாதை, குறைந்த வேகம் இரண்டும் சேர்ந்துதான் காலத்தை இப்படிக் கூட்டுகின்றன. கெப்ளருக்கு விதி தெரிந்ததே தவிரக் காரணம் தெரியவில்லை. காரணத்தை 1687 இல் நியூட்டன் சொன்னார்.

காரணம் தெரிந்த பிறகு விதி சூரியனை விட்டு வெளியே போயிற்று. எந்த நட்சத்திரத்துக்கும் பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. அந்த நட்சத்திரத்தின் திணிவு சூரியனின் திணிவைப்போல் எத்தனை மடங்கோ அதை, காலத்தின் வர்க்கத்தோடு பெருக்கிவிட்டுக் கனமூலம் எடுக்க வேண்டும். பாரமான நட்சத்திரம் என்றால் இழுப்பு அதிகம். அதே காலத்தில் சுற்றி வர, கோள் இன்னும் தள்ளி இருக்க வேண்டும்.

சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் முதன்முதலாகத் தெரியவந்தது 1995 இல். மிஷெல் மயோர், டிடியே கெலோஸ் என்ற சுவிட்சர்லாந்து வானியலாளர் இருவர் கண்டுபிடித்தார்கள். 2019 இல் அதற்காக நொபெல் பரிசும் பெற்றார்கள். 51 பெகாசி என்ற அந்த நட்சத்திரம் இருப்பது நம் பூரட்டாதியில்தான். பூரட்டாதியின் இரண்டு பிரகாசமான விண்மீன்களுக்கு நடுவே, அவற்றை இணைக்கும் கோட்டிலிருந்து சற்று மேற்கே. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கும் மங்கலாகத் தெரியக்கூடியது. எங்கள் மலையில் மூடுபனி இல்லாத இரவு கிடைத்தால், பூரட்டாதியில் பிறந்த பிள்ளைகளை வெளியே அழைத்து அந்த இடத்தைக் காட்டுவேன். கோளை மயோரும் கெலோஸும் பார்க்கவில்லை. நட்சத்திரம் நம் பக்கமும் எதிர்ப்பக்கமும் மாறி மாறி அசைவதை அதன் ஒளியில் கண்டார்கள். ஒரு முழு அசைவுக்கு 4.23 நாள். அந்த ஆட்டத்தை உண்டாக்குகிற கோளின் ஒரு வருடம் அதுதான்.

4.23 ஐ 365.25 ஆல் வகுத்தால் 0.01158 ஆண்டு. நட்சத்திரத்தின் திணிவு சூரியனைப்போல் 1.1 மடங்கு. இங்கேதான் எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் தடுமாறுகிற படி வருகிறது. ஒன்றைவிடச் சிறிய எண்ணுக்கு மடக்கை எடுக்கும்போது முன்னால் உள்ள முழு எண்ணின் தலையில் கோடு போடுகிறோம். இங்கே வர்க்கித்து, திணிவின் மடக்கையையும் கூட்டிய பிறகு, தலையில் கோடு போட்ட 4 உம் அதன் பின் .1688 உம் வருகின்றன. இதை மூன்றால் வகுக்க வேண்டும். கோடு போட்ட 4 மூன்றால் மீதமின்றி வகுபடாது. பாதிப் பிள்ளைகள் இங்கே பேனையை வைத்துவிடுவார்கள். அதைக் கோடு போட்ட 6 ஆக்கி, கூடுதலாக எடுத்த 2 ஐப் பின்னால் உள்ள தசமத்தோடு சேர்த்து 2.1688 ஆக்கினால் இரண்டும் தனித்தனியே அழகாக வகுபடும். கோடு போட்ட 2, பின்னால் .7229. அட்டவணையில் திரும்பத் தேடினால் 0.0528. அதாவது சுமார் 79 இலட்சம் கிலோமீற்றர். சூரியனுக்கு மிகக் கிட்டே இருக்கிற புதன்கூட 5 கோடியே 79 இலட்சம் கிலோமீற்றர் தள்ளித்தான் சுற்றுகிறது. வியாழனின் பாதியளவாவது திணிவுள்ள ஒரு பெரிய கோள் தன் நட்சத்திரத்தை இவ்வளவு நெருங்கிச் சுற்றுவதா என்று அன்று உலகமே திகைத்தது. அந்தத் திகைப்பை என் பிள்ளைகள் தங்கள் கொப்பியில், தங்கள் கையால் போட்ட கணக்கில் அடைகிறார்கள். இதே படியை ‘பின்வருவனவற்றைச் சுருக்குக’ என்று பயிற்சியில் கொடுத்தால் ஏன் செய்கிறோம் என்றே தெரியாமல் செய்வார்கள். பரீட்சை மண்டபத்தில் கணிப்பானுக்கு அனுமதி இல்லாததால் மட்டும் மடக்கை படிக்கிறோம் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேப்பியர் 1614 இல் மடக்கையை வெளியிட்டபோது அதை ஆசையோடு எடுத்துக்கொண்டவர்களில் கெப்ளரும் ஒருவர். 1624 இல் தாமே ஒரு மடக்கை அட்டவணையையும் அச்சிட்டார். இந்த விதியும் மடக்கையும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

செய்தி எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன 11 நாள் கோள், 2016 இல் அறிவிக்கப்பட்ட புரொக்சிமா சென்டோரி பி. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சின்ன நட்சத்திரத்தின் திணிவு சூரியனில் 0.12 பங்குதான். திணிவைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் விடை இரண்டு மடங்காகிவிடும், சேர்த்தால் 0.048, அதாவது சுமார் 72 இலட்சம் கிலோமீற்றர். ஆகவே சுற்றுக்காலத்தோடு நட்சத்திரத்தின் திணிவையும் ஒரு வரியில் போட்டுவிட்டால் போதும், எந்த ஆசிரியரும் அந்தச் செய்தியை அடுத்த நாளே பாடமாக்கிவிடலாம். அப்புறம், கோள் நமக்கு எவ்வளவு தூரம் என்பதையும் தன் நட்சத்திரத்துக்கு எவ்வளவு தூரம் என்பதையும் தனித்தனி வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். முதலாவது 4.24 ஒளியாண்டு, இரண்டாவது மேலே சொன்ன இலட்சங்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் படிக்கிறவர் குழம்பிப்போவார்.

கிலோமீற்றர் எங்கிருந்து வந்தது என்பதையும் பெட்டியில் ஒரு வரி சேர்க்கலாம். கெப்ளரின் விதி மடங்கை மட்டுமே தரும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள அந்த 1 எவ்வளவு என்று தெரிய, 1761 இலும் 1769 இலும் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்ததை உலகின் பல மூலைகளிலிருந்து அளந்தார்கள். அதே காட்சி 2012 ஜூன் 6 காலையில் நம் நாட்டிலும் தெரிந்தது. இனி 2117 இல்தான். இன்று அந்தத் தூரம் 14 கோடியே 96 இலட்சம் கிலோமீற்றர் என்று எடுத்துக்கொள்கிறோம். 9.54 ஆல் பெருக்கினால் சனிக்கு ஏறத்தாழ 143 கோடி.

இதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். லயத்துக் கூரைகளில் வரிசையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற டிஷ்களை அவருக்குக் காட்டினேன். அந்த டிஷ் பார்க்கிற செய்மதி பூமியை ஒரு நாளில் ஒருமுறை சுற்றுகிறது, அதனால்தான் நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிறதுபோல் இருக்கிறது. சந்திரன் பூமியைச் சுற்ற 27.3 நாள், தூரம் 3 இலட்சத்து 84 ஆயிரம் கிலோமீற்றர். 27.3 இன் வர்க்கத்தின் கனமூலம் ஏறத்தாழ 9.07. சந்திரனின் தூரத்தை அதனால் வகுத்தால் பூமியின் மையத்திலிருந்து சுமார் 42 ஆயிரம் கிலோமீற்றர். பூமியின் ஆரையைக் கழித்தால் நிலத்திலிருந்து 36 ஆயிரம். செய்மதிகள் நிற்பதும் அங்கேதான். இந்த உயரத்தில் செய்மதிகளை நிறுத்தித் தகவல் அனுப்பலாம் என்று 1945 இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் நம் நாட்டிலேயே வாழ்ந்து 2008 இல் கொழும்பில் காலமானவர். சூரியனுக்கும் சனிக்கும் உள்ள உறவுதான் பூமிக்கும் அந்தச் செய்மதிக்கும். நாடகம் பார்க்கிற ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் கெப்ளர் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். அவர் அதன் பிறகு கேட்கவில்லை.

மலருக்கு நான் கேட்பது அதிகம் இல்லை. ஒரு கை அகலப் பெட்டி போதும். வண்ணப் படம் வேண்டாம். இரண்டரை ஆண்டு, பன்னிரண்டு ராசி, முப்பது, அதன் வர்க்கம், அதன் கனமூலம், கடைசியில் ஏறத்தாழ 144 கோடி கிலோமீற்றர். குருப்பெயர்ச்சி மலரில் அதேபோல் 12 க்கு ஒன்று. எழுத்து சற்றுப் பெரிதாக இருந்தால் நல்லது. லயத்து அறைகளில் வெளிச்சம் குறைவு. கணக்கைச் சரிபார்த்து, படிமுறையாக எழுதி, அச்சுக்கு ஏற்றபடி அனுப்பித்தரும் வேலையை நானே செய்கிறேன். வேண்டுமானால் என் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்திலேயே அனுப்புகிறேன். அடுத்த மலர் அச்சுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னதாகத் தங்கள் பத்திரிகையில் ஒரு வரி அறிவித்தால் போதும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
ஹப்புத்தளை.